நாற்பதாம் லெவல்காரனின் பணிப்பதிவேடு

நேயர்களுக்கு வணக்கம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பற்றி, அதிலும் மிக உயர்ந்த லெவலில் பல தொழில் கற்ற ஒரு பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆடிப் பழகியவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களும் இருப்பீர்கள். முதலில் பின்னவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. மற்றவர்கள் அதுவரை ஒரு வாய் காபி குடித்துக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ஆக்கியது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உடைக்கிறேன்" என்பார் ஒருவர், "பூதத்தை வெட்டுகிறேன்" என்பார் இன்னொருவர். உடைந்ததா, வெட்டு விழுந்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. கிளாஸ் என்று ஆடுகிறவர்கள் சொல்வதைத்தான் நான் தொழில் என்கிறேன். அனுபவம் ஏற ஏற லெவல் ஏறும். அவ்வளவுதான் அடிப்படை.

ஒரே ஆள் இரண்டு மூன்று தொழில்களைக் கற்றால் அது மல்டிகிளாஸ். இந்த ஆசை இந்த விளையாட்டோடு சேர்ந்தே பிறந்தது. 1974 விதிகளிலேயே எல்ஃப் என்ற இனத்தவர் வீரனாகவும் இருக்கலாம், மந்திரவாதியாகவும் இருக்கலாம். 1978இல் வந்த விதிநூல் மனிதர்களுக்கு வைத்த நிபந்தனை வேடிக்கையானது. மனிதன் பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலுக்குப் போகலாம். ஆனால் புதியதில் அவன் லெவல் பழையதைத் தாண்டும்வரை, கற்ற பழைய வித்தையில் கை வைத்தால் அந்தச் சாகசத்தின் அனுபவப் புள்ளிகள் பறிபோகும். எட்டாம் லெவல் வீரன் ஒருவன் மந்திரம் படிக்கப் போனால், இடுப்பில் வாளை வைத்துக்கொண்டே மூலையில் நடுங்கிக்கொண்டு நிற்பான். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். ஆட எரிச்சலாக இருக்கும், அது வேறு விஷயம்.

நான் பேச வந்தது 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பைப் பற்றி. அதில்தான் கதவு அகலத் திறந்தது. ஒவ்வொரு முறை லெவல் ஏறும்போதும் எந்தத் தொழிலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இருபதாம் லெவல்தான் உச்சம் என்றார்கள். 2002இல் இருபதுக்கு மேலே போவதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார்கள். கணக்கைப் பாருங்கள்: இருபதாம் லெவலுக்கு 1,90,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும், நாற்பதுக்கு 7,80,000. லெவல் இருமடங்கு, உழைப்பு நான்கு மடங்கு.

இப்படிப்பட்ட ஆளை உருவாக்க உட்காருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்தத் தொழிலில் எத்தனை லெவல்?" என்றுதான். கேட்க வேண்டியது, "எது முதலில், எது பிறகு?" என்பது. இன்று நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான். வரிசை. கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தாலும் வரிசை மாறினால் ஆளே மாறிவிடுவான். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு பேர் இரண்டு துறைகளிலும் ஒரே அளவு ஆண்டுகள் வேலை பார்த்திருந்தாலும், எந்தத் துறையில் எப்போது இருந்தார்கள் என்று பணிப்பதிவேட்டைப் புரட்டினால்தான் யாருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களே திரும்பக் கேட்கும் கதை இது, கொஞ்சம் நீளும். ஓர் இரவு மட்டும் ஆடுவதற்காக, நாற்பதாம் லெவல் ஆட்களோடு வாருங்கள் என்று கதை நடத்துபவர் சொல்லியிருந்தார். எதிரி, வயது முதிர்ந்த ஒரு சிவப்பு டிராகன். குழுவில் ஒரு மூத்தவரும் ஓர் இளைஞரும், பேசி வைத்துக்கொள்ளாமலேயே, ஒரே யோசனையோடு வந்திருந்தார்கள்: வாள்வீரன் இருபது, மந்திரவாதி இருபது. இனம்கூட ஒன்றுதான். இளைஞருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பரவாயில்லை தம்பி, இரட்டைப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்" என்றார் மூத்தவர்.

சண்டை தொடங்கியது. மூத்தவர் நான்கு முறை பகடை உருட்டினார். பகடையில் விழுந்த எண்ணோடு முதல் வெட்டுக்கு முப்பது கூட்டினார், அடுத்ததற்கு இருபத்தைந்து, பிறகு இருபது, பிறகு பதினைந்து. இளைஞரின் முறை வந்தது. அவர் தாளில் இருந்தவை இரண்டே வெட்டுகள், முதலாவதற்கு இருபது, அடுத்ததற்குப் பதினைந்து. "அண்ணா, உங்கள் ஆள் எப்படி நான்கு முறை வெட்டுகிறான்? என் ஆளும் இருபது லெவல் வாள்வீரன்தானே?" என்று கேட்டார். மேசையில் சலசலப்பு. கதை நடத்துபவர் புத்தகத்தைப் புரட்டினார்.

விஷயம் இதுதான். பகடையோடு கூட்டும் அந்த எண்தான் தாக்குதல் புள்ளி. வாள்வீரனுக்கு லெவலுக்கு ஒரு புள்ளி. மந்திரவாதிக்கு இரண்டு லெவலுக்கு ஒன்று. புள்ளி பதினாறைத் தொட்டால் ஒரு சுற்றில் நான்கு வெட்டு. இருபதாம் லெவலோடு இந்தக் கணக்கைப் பூட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் எந்தத் தொழிலானாலும் எல்லாருக்கும் ஒரே சீரான ஏற்றம்தான், வெட்டுகளின் எண்ணிக்கை கூடவே கூடாது. மூத்தவர் முதலில் வீரனாக இருபது லெவல் முடித்துவிட்டு மந்திரம் படிக்கப் போனவர். பூட்டும்போது அவர் கணக்கில் இருபது புள்ளி, நான்கு வெட்டு. இளைஞரின் ஆள் மந்திரம் முடித்துவிட்டு வாள் எடுத்தவன். பூட்டும்போது பத்துப் புள்ளி, இரண்டு வெட்டு. பிறகு இருபது லெவல் வாள் சுழற்றியும் அந்த இரண்டு இரண்டாகவே நின்றது.

கதை இத்துடன் முடியவில்லை, நேயர்களே. மந்திரத் தாக்குதலைத் தாங்கும் மன உறுதிக்கும் இதே பூட்டு உண்டு. அதில் மந்திரவாதிதான் உயர்ந்தவன். இளைஞரின் ஆளுக்கு இருபத்திரண்டு, மூத்தவரின் ஆளுக்குப் பதினாறு. மூன்றாவது சுற்றில் டிராகன் நெருப்பைக் கக்காமல், சிந்தையை அடிமையாக்கும் மந்திரத்தை இருவர் மீதும் ஏவியது. இளைஞர் தப்பினார். மூத்தவர் சிக்கினார். மனத்தைக் காக்கும் மந்திரம் அவர் ஏட்டிலேயே இருந்தது. ஆனால் மந்திரவாதி அன்றன்றைக்கு வேண்டிய மந்திரங்களைக் காலையிலேயே தயார் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி, அவர் அதை விட்டுவிட்டு இடி மின்னலாகத் தயார் செய்திருந்தார். பிறகென்ன? அந்த நான்கு வெட்டும் இளைஞரின் மேல் விழுந்தன. முப்பது, இருபத்தைந்து, இருபது, பதினைந்து என்று மூத்தவரே தன் வாயால் கூட்டிச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்கள் மேசையில் யார் உயர்ந்த லெவல் பாத்திரம் கொண்டுவந்தாலும், "வரிசையைச் சொல்" என்றுதான் முதலில் கேட்போம்.

இருவரில் யார் சரி என்று கேட்பீர்கள். நாற்பதாம் லெவலில் நேரடியாக ஆட்டம் தொடங்கினால் மூத்தவரின் வரிசை லாபம். ஒன்றாம் லெவலிலிருந்து வளர்த்துக்கொண்டு வருவதானால் கதை வேறு. முப்பதாம் லெவலில் அவருடைய ஆள் பத்தாம் லெவல் மந்திரவாதி மட்டும்தான், ஒன்பது படி மந்திரங்களில் ஐந்தாம் படிக்கு மேல் தெரியாது. முப்பதாம் லெவல் எதிரிகள் அதற்கெல்லாம் அசைய மாட்டார்கள். இளைஞரின் ஆளோ பதினேழாம் லெவலிலேயே ஒன்பதாம் படி மந்திரத்தைத் தொட்டுவிட்டவன். ஆகவே தாளில் நாற்பது என்று எழுதும் முன், அவன் பதினைந்தாம் லெவலில் யாராக இருந்தான், அங்கே உயிரோடு இருந்திருப்பானா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் நான் லெவல் லெவலாக எழுதச் சொல்கிறேன். எங்கே என்ன கற்றான், ஏன் கற்றான் என்று ஒரு வரி. நாற்பது லெவலுக்கு நாற்பது வரி. சோம்பல் படாதீர்கள்.

இன்னொரு கணக்கு, விரல் விட்டு எண்ணக்கூடியது. 2003இல் திருத்திய மூன்றரையாம் பதிப்பில் எல்ட்ரிச் நைட் என்று ஒரு சிறப்புத் தொழில் உண்டு, வாளும் மந்திரமும் சேர்ந்தது. பத்து லெவல். பத்துமே தாக்குதல் புள்ளி தரும். முதல் லெவலைத் தவிர மற்ற ஒன்பதும் மந்திரத்தையும் வளர்க்கும். இருபது லெவல் ஆள் வேண்டும். பலர் போடுவது வீரன் ஒன்று, மந்திரவாதி ஒன்பது, நைட் பத்து. மந்திரம் ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. தாக்குதல் ஒன்று, நான்கு, பத்து, மொத்தம் பதினைந்து. நான்காவது வெட்டுக்கு ஒன்று குறைகிறது! இப்போது ஒரே ஒரு லெவலை மாற்றுங்கள். வீரன் இரண்டு, மந்திரவாதி எட்டு. மந்திரம் பதினேழு, ஒன்பதாம் படிக்கு அதுவே போதும். தாக்குதல் இரண்டு, நான்கு, பத்து, மொத்தம் பதினாறு. நான்கு வெட்டும் உண்டு, உச்ச மந்திரமும் உண்டு. மந்திரவாதியின் ஒன்பதாவது லெவல் வாளுக்கு எதுவும் தருவதில்லை, அதைத்தான் எடுத்து வீரனிடம் கொடுத்தோம். இதைக் கண்டுபிடிக்கும் இரவில் தூக்கம் வராது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இங்கேயும் வரிசை உண்டு. முதல் லெவலை வீரனாகத் தொடங்குங்கள். முதல் லெவலில் மட்டும் உயிர்ப்புள்ளிக்குப் பகடை உருட்டாமல் முழுமையாகத் தருவார்கள். வீரனுக்குப் பத்து, மந்திரவாதிக்கு நான்குதான்.

பாலடின் என்ற தர்மவீரனுக்கு வரிசை இன்னும் கடுமை. அவன் வேறு தொழிலில் ஒரு லெவல் எடுத்துவிட்டால், பிறகு பாலடினாக ஒருபோதும் உயர முடியாது. வேண்டிய லெவலை எல்லாம் முதலிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

எனக்குப் பிடிக்காத வகை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு ஒரு லெவல் என்று ஏழெட்டுத் தொழில்களை நக்கிப் பார்ப்பவர்கள். அதில் லாபம் இல்லாமல் இல்லை. வீரன், ரேஞ்சர் என்ற காட்டு வீரன், பாலடின் மூன்றிலும் ஒவ்வொரு லெவல் எடுத்தால் உடல் உறுதி ஆறு. வீரனாகவே மூன்று லெவல் இருந்தால் மூன்றுதான். இந்த ஒவ்வொரு தொழிலும் முதல் லெவலிலேயே இரண்டு புள்ளி தருவதால் வரும் தள்ளுபடி இது. ஆனால் அந்த ஆள் எந்தத் தொழிலிலும் மேல்படியை எட்டுவதில்லை. பலவும் கற்ற பெரிய மனிதர் யார் என்று கேட்டால் இந்த விளையாட்டின் கதை உலகம் ஒன்றுக்காக எட் கிரீன்வுட் படைத்த முதிய மந்திரவாதி எல்மின்ஸ்டரைப் பாருங்கள். மூன்றாம் பதிப்பின் கணக்கில் அவர் வீரனாக ஒரு லெவல், திருடனாக இரண்டு, பூசாரியாக மூன்று. மற்றதெல்லாம் மந்திரம், மந்திரம். இளமையில் அலைந்தார், பிறகு ஓரிடத்தில் வேர் விட்டார். வரிசையிலேயே வாழ்க்கை தெரிகிறது பாருங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால், நேரம் முடிகிறது என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்குக் கால்வாசி நேரம் ஒதுக்கியிருந்தேன், அது போய்விட்டது. சுருக்கமாக: அதில் லெவல் இருபதோடு நின்றுவிடும். வேறு தொழிலுக்குப் போக, பழைய தொழிலுக்கும் புதியதற்கும் உரிய திறன்கள் (பலம், அறிவு போன்றவை) குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டும். கூடுதல் வெட்டு இரண்டு தொழில்களில் கிடைத்தாலும் சேராது, ஆகவே இரண்டிலும் ஐந்தாம் லெவலுக்கு ஓடாதீர்கள். திறனை உயர்த்தும் வாய்ப்பு அந்தந்தத் தொழிலின் நான்காம் லெவலில்தான் வரும், மூன்றில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவினால் அது கைக்கு வராது. மந்திரத் தொழில்கள் இரண்டைச் சேர்ப்பவர்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது, அதை வானொலியில் வாசிப்பதற்கில்லை, புத்தகத்தில் பாருங்கள். மந்திரவாதியும் பூசாரியும் சேர்ந்த ஆளைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்த நேயருக்கு மட்டும் ஒரு வார்த்தை: மூன்றரையாம் பதிப்பில் ஆடுகிறீர்கள் என்றால் இரண்டிலும் மூன்று மூன்று லெவல் முடித்துவிட்டு இருவர் மந்திரத்தையும் சேர்த்து வளர்க்கும் மிஸ்டிக் தியர்ஜ் என்ற சிறப்புத் தொழிலின் பக்கம் திரும்புங்கள், அதற்கு முன்னால் வேறெங்கும் போகாதீர்கள். நன்றி, வணக்கம்.