குத்தகைப் புத்தகமும் சொந்தப் புத்தகமும்

(மன்னார்குடியில் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1931-ஆம் ஆண்டு, இந்த ஊரை அடுத்த மேலவாசலில் இருந்து ஒரு மாட்டுவண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை உருவாக்கிய நடமாடும் நூலகம் அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். வண்டியில் ஏறிய புத்தகம் திரும்பி வந்ததும் மறுபடி அலமாரியில் இருக்கும். நாளைக்கும் இருக்குமா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மின்னூலுக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

நான் நூலகராக இருந்த கல்லூரியில் ஒரு மின்னூல் தொகுப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டிவந்தோம். ஒரு வருடம் பணம் கட்டத் தாமதமாகிவிட்டது. ஏப்ரல் முதல் தேதி காலை ஒரு முதுகலை மாணவி ஓடி வந்தாள். “மேடம், நேற்று இரவுவரை படித்த புத்தகம் இன்று திறக்கவில்லை” என்றாள். ஆய்வேட்டை ஒப்படைக்க அவளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மூன்று வருடம் பணம் கட்டியிருந்தும் அவளிடம் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை. அன்று அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை.

சந்தா என்பது குத்தகை. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இன்னும் சொன்னால், சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்காவது 1955-ஆம் ஆண்டுச் சட்டம் காவலாக நிற்கிறது. மின்னூல் வாங்கும் நூலகருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே காவல். ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், சந்தா நின்ற பிறகும் வாங்கிய ஆண்டுகளின் நூல்கள் கிடைக்குமா, நம் கணினியில் ஒரு படி வைத்துக்கொள்ளலாமா, விற்றவர் கடையை மூடினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன் கேட்டாக வேண்டும். கற்பனை பயமில்லை இது. 2011-ல் அமெரிக்காவில் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகம் வாங்கிய மின்னூலை 26 முறை இரவல் கொடுத்துவிட்டால் மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று விதித்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகங்கள் போய்விட்டன.

ஆகவே குத்தகையோடு சொந்த நிலமும் கொஞ்சம் வேண்டும் என்கிறேன். நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிகிறது. பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சா. 1942-ல் மறைந்தார்; 2003 முதல் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இருக்கின்றன. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் முதல் தன்னார்வலர்களின் உழைப்பால் நூல்களை மின்வடிவில் தந்துவருகிறது. தமிழ் இணைய மின்னூலகம் இருக்கிறது. உரிமை உள்ள எழுத்தாளரின் நூலை மட்டும் கேட்காமல் ஸ்கேன் செய்யாதீர்கள். அது அவர் உழைப்பு.

ஆனால் கோப்புகளைக் குவித்துவைப்பது நூலகம் ஆகாது. உ.வே.சா. என்று ஒரு கோப்பு, சாமிநாதையர் என்று இன்னொன்று, சாமிநாத ஐயர் என்று மற்றொன்று. மூன்றும் ஒருவரே என்று பட்டியலில் முடிச்சுப் போடாவிட்டால் தேடுகிறவருக்கு மூன்றில் ஒன்றுதான் அகப்படும். பெயரே இல்லாமல் வெறும் எண்ணோடு கிடக்கும் கோப்பு அலமாரிக்குப் பின்னால் விழுந்த புத்தகத்துக்குச் சமம். பட்டியல் போடும் வேலைக்குப் புகழ் கிடையாது. ஆனால் நூலகம் நடப்பதே அந்த வேலையால்தான்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. பக்கத்தைப் படமாக மட்டும் எடுத்துவைத்தால், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைப் படிக்காது. பார்வையற்ற வாசகர்களுக்கு அது வெறும் காகிதம்தான். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014-ல், உறுதிசெய்த நாடு இந்தியா. ஆகவே படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் கொண்டு, எந்தக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடு எழுத்தாக மாற்றி, கண்கொண்டு பிழை திருத்தியும் வைக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த எத்தனையோ தமிழ்க் கோப்புகள் இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரிகின்றன.

தஞ்சை சரசுவதி மகாலின் ஓலைகள் இன்று கண்ணில் படுகின்றன என்றால், செல்லரிக்கும் முன் யாரோ புது ஓலையில் படியெடுத்த பரம்பரை ஒன்று இருந்தது. படியெடுக்காத ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. வன்தட்டுக்கு ஓலையின் ஆயுள்கூடக் கிடையாது. மூன்று படிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது இந்த மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையில் இருந்தது அச்சுப் புத்தகம். அதனால் அச்சை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன்.

உலகத்தில் எவரும் நமக்காக மின்வடிவாக்கித் தரப்போகாதவை சில உண்டு. ஊர்க் கோயிலின் தலபுராணப் பதிப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கை, குடமுழுக்கு மலர், பாசனத் தகராறில் அச்சடித்த துண்டறிக்கை. அவை உங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. எழுதியவர் யார், அச்சிட்ட ஆண்டு எது என்று தெரிந்தால் ஒரு சீட்டில் குறித்து உள்ளே செருகிக் கொண்டுவாருங்கள். உரிமை உள்ளவை என்றால் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி கேட்போம். பின்னறையில் ஸ்கேனர் இருக்கிறது. இந்த வாரம் முழுக்கப் பிற்பகல் மூன்று மணிவரை நானும் அங்கே இருப்பேன்.