சாமீர் ஊர் தோலா

நேயர்களுக்கு வணக்கம்.

பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகம், அதாவது ராஜாக்கள் வருவதற்கு முன் இஸ்ரவேலை நடத்தியவர்களின் கதை, என்றதும் சிம்சோனும் கிதியோனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நான் இன்று சொல்ல வந்திருப்பது 10ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களில் வந்து போகிற ஒருவரைப் பற்றி. பெயர் தோலா. பூவாவின் மகன், இஸ்ரவேலின் கோத்திரங்களில் ஒன்றான இசக்கார் கோத்திரத்தார். எப்பிராயீம் மலைநாட்டுச் சாமீரில் குடியிருந்து, 23 ஆண்டுகள் இஸ்ரவேலுக்கு நியாயம் விசாரித்தார். இறந்ததும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவரைப் பற்றி எழுதியிருப்பது அவ்வளவுதான்.

அவர் எந்த நேரத்தில் வந்தார் என்று பார்த்தால்தான் அவருடைய அருமை தெரியும். முந்தைய அதிகாரத்தின் 57 வசனங்களும் கிதியோனின் மகன் அபிமெலேக்கின் கதை. கோவில் பணம் 70 வெள்ளிக்காசில் அடியாட்களைச் சேர்த்து, ஒப்ராவில் உடன்பிறந்தவர்களை ஒரே கல்லின்மேல் வெட்டிப்போட்டவன் அவன். கடைக்குட்டி யோதாம் மட்டும் ஒளிந்து தப்பினான். தன்னை ராஜாவாக்கிய சீகேம் நகரத்தையே பிறகு இடித்து, அந்த மண்ணில் உப்பு விதைத்தான். அரணுக்குள் ஓடி ஒளிந்தவர்கள்மேல் தீ வைத்ததில், ஆணும் பெண்ணுமாகச் சுமார் 1000 பேர் செத்தார்கள். கடைசியில் தேபேஸில் ஒரு பெண் கோபுரத்தின் மேலிருந்து போட்ட திரிகைக்கல் அவன் மண்டையை உடைத்தது.

அதற்கு அடுத்த வசனம்தான், தோலா இஸ்ரவேலை இரட்சிக்க எழும்பினார் என்கிறது. யாரிடமிருந்து? மோவாபியரா, மீதியானியரா? எந்த எதிரியின் பெயரும் அங்கே இல்லை. சொந்த ஜனங்களே ஒருவரையொருவர் வெட்டி மடிவதிலிருந்து காப்பாற்றினார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீகேம் இருப்பதும் அதே எப்பிராயீம் மலைநாட்டில்தான். இசக்காரைச் சேர்ந்த தோலா அங்கே வெளி ஆள். அந்த மலைநாட்டுக்குச் சொந்தக்காரர்களான எப்பிராயீம் கோத்திரத்தார் லேசுப்பட்டவர்களும் இல்லை. எங்களை ஏன் போருக்குக் கூப்பிடவில்லை என்று கிதியோனிடமே மல்லுக்கு நின்றவர்கள். பிற்பாடு யெப்தா என்ற நியாயாதிபதியிடமும் அதையே கேட்டுக்கொண்டு போய், 42,000 பேரைப் பறிகொடுத்தார்கள். தோலாவின் 23 ஆண்டுகளில் அப்படி ஒரு சண்டையும் பதிவாகவில்லை.

அவருக்கு முன்னால் தெபொராள் இதே மலைநாட்டில் ஒரு பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து வழக்குக் கேட்டாள். தோலாவின் நாட்களும் அப்படித்தான் கழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எல்லைத் தகராறு, கிணற்றுத் தண்ணீர், காணாமல் போன ஆடு. சீகேம் தீயில் அப்பாவை இழந்தவனும், அந்தத் தீக்கு அபிமெலேக்கின் பின்னால் விறகு சுமந்து போனவனும் ஒரே வாசலில் வந்து நின்றிருப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்கிற மாதிரி ஒரு தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம்! போர்க்கதைகளை ஆசையாகச் சொல்கிற நாம் இந்த உழைப்பை எட்டியும் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தோலாவுக்கு அடுத்து வந்த யாவீருக்கு 30 மகன்கள், 30 கழுதைகள், 30 ஊர்கள் என்று கணக்கு உண்டு. தோலாவுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. யாவீரும் 22 ஆண்டுகள் நியாயம் விசாரித்தார். அண்டை நாட்டு அம்மோனியர் யோர்தானுக்குக் கிழக்கே இருந்த கீலேயாத்தை நெருக்கிய கதை அவருக்கும் அப்புறம்தான் தொடங்குகிறது.

நன்றி, வணக்கம்.