தாய்க்குக் குறைவது நேரமா, நிதானமா? நிதானமே!

நடுவர் ஐயா அவர்களே, என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி அக்காமாரே, வேலையை அரைகுறையில் போட்டுவிட்டு இந்தப் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மாமாரே, அவர்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே வேம்பின் கீழ் நின்று கதைக்கும் ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"இன்றைய தாய்க்குக் குறைவாக இருப்பது நேரமா, நிதானமா?" நேரமே என்று எனக்கு முதல் பேசிய அக்கா நல்லாய்த்தான் பேசினா. விடிய நாலரைக்கு எழும்பி, தேங்காய் துருவி, புட்டவித்து, பிள்ளைகளை ஏழரைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி என்று அவ அடுக்க அடுக்க எனக்கே களைத்துப்போனது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வையும் கொண்டுவந்தா. சம்பளமில்லாத வீட்டு வேலை பெண்ணின் தலையில்தான் கூட என்கிறது அது. ஓம், ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லத் திணைக்களம் வரத் தேவையில்லை. எங்கள் பின்கோடியில் கிடக்கிற சட்டிபானையே சொல்லும்.

ஆனால் "நேரம் கிடைத்தால் எல்லாம் சரிவரும்" என்றாவே, அதில்தான் எனக்கு இடறுகிறது. என் அம்மம்மா உரலில் மா இடித்தவ. ஊறப்போட்டு, இடித்து, அரித்து, வறுத்து முடிய ஒரு பகல் போய்விடும். இப்போது சந்தி மில்லில் கொடுத்தால் பக்கத்துக் கடையில் சீனி வாங்கித் திரும்புவதற்குள் மா தயார். காஸ் அடுப்பு வந்தது. (2022 இல் சிலிண்டர் கிடையாமல் திரும்ப விறகு பொறுக்கப் போனோம், அது வேறு கதை.) இப்படி மிஞ்சின மணித்தியாலமெல்லாம் எங்கே? "என்னட்டை இருக்கு" என்று ஒரு தாய் கையை உயர்த்துங்கோ பார்ப்போம்.

பார்த்தீர்களா ஐயா, ஒரு கையும் இல்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் முன்பள்ளி ஆசிரியை. பின்னேரம் தையல். மூன்று பிள்ளைகள், நடுவில் ஒரு வாயாடி, நாலாம் வகுப்பு. ஒருநாள் இரவு திருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறேன். அவள் முன்னால் குந்தியிருந்து பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள். நான் "ஓம்... ஓம்..." என்கிறேன். கை தேங்காயில். மனம் செவ்வாய்க்கிழமை கட்டவேண்டிய குழுக்கடனில். திடீரென்று அவள் அதே குரலில், "அம்மா, இண்டைக்கு எங்கட வகுப்புக்கு யானை வந்து வாங்கில இருந்து படிச்சது" என்றாள். நான் சொன்னேன், "ஓம், நல்லம்."

சிரிக்கிறீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. எழும்பி அப்பாவிடம் போய்விட்டாள். ஐயா, அந்தத் தேங்காய்ப் பாதி துருவ எனக்குப் பத்து நிமிசம் ஆகும். அந்தப் பத்து நிமிசமும் அவளுக்கு முன்னால்தான் இருந்தேன். எதிரணி கேட்கிற நேரம் அங்கே இருந்தது. நான்தான் அங்கே இருக்கவில்லை. இல்லாமல் போனது நிதானம்.

நடுவர் ஐயா, நீங்களும் வயல்காரர். எங்கள் இரணைமடுக் குளம் நிறைந்தால் 36 அடி. காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்பதுதான் கணக்கு. அதனால்தானே விதைப்புக்கு முதல் கூட்டம் வைக்கிறீர்கள்? நீர்ப்பாசனத் திணைக்களம் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்லும். கமக்காரர் அமைப்புகள் சண்டை பிடிக்கும், கதிரையும் இழுபடும். கடைசியில் இத்தனை ஏக்கர்தான், ஆளுக்கு இவ்வளவு பங்குதான் என்று முடிவாகும். காணி கிடக்கிறதே என்று முழுவதையும் விதைத்தவனுக்கு என்ன நடக்கும்? கதிர் வெளிவர முதல், குடலைப் பருவத்தில் தண்ணி வராமல் நின்றுவிடும். முதலில் காய்வது வாய்க்கால் கடைசியில் இருக்கிற வயல்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஊரில், வீட்டுக்குள் மட்டும் நாங்கள் ஒரு கூட்டமும் வைப்பதில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் "ஓம்" சொல்லி விதைத்துவிடுகிறோம். மாதர் சங்கத்துக்குப் பொருளாளர், "ஓம்." பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு ஆள், "ஓம்." சாமத்திய வீட்டுக்கு முதல்நாளே வந்து பலகாரம் சுட, "ஓம், ஓம்." வாய்க்கால் கடைசியில் இருந்து காய்ந்தது யார் என்றால், அந்த யானைக் கதைக்காரி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பித் தாளில் என் வேலைகளை எழுதினேன். பெரிய ஞானமெல்லாம் இல்லை, பின்பக்கத்தில் மீன்காரனின் கணக்கு இருந்தது. எழுதிப் பார்த்தால், நான் விரும்பி எடுத்தது பாதிகூட இல்லை. மற்றதெல்லாம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எடுத்தது.

முதலில் வெட்டியது இரண்டாவது குழுக்கடன். முதல் கடனில் பட்டிருக்கிறேன். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும். காசு சேரும்வரை ஒருவரும் எழும்ப ஏலாது. எத்தனை செவ்வாய் அந்தத் திண்ணையில் மினக்கெட்டிருப்பேன்! இரண்டாவதுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்த சிநேகிதிக்கு இல்லை என்றேன். ஒரு மாதம் அவ என்னோடு கதைக்கவில்லை. அது நோகத்தான் செய்தது. பொருளாளர் கொப்பியையும் கொடுத்துவிட்டேன். அதற்கு ஒருவரும் அழவில்லை, உடனே வேறு ஆள் கிடைத்தது! இரவுத் தேங்காய் இப்போது வீட்டுக்காரரின் வேலை. முதல் கிழமை சம்பலில் சிரட்டைத் தும்பு வந்தது. சாப்பிட்டோம்.

எதிரணி அக்கா, உங்களுடைய வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்கமாட்டேன். "இருட்டோடு ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறி, இருட்டோடு வந்து இறங்குகிற பிள்ளைக்காரிக்கு நிதானம் பற்றி வகுப்பு எடுப்பீரோ?" என்று கேட்டீர்கள். எடுக்கமாட்டேன். எடுத்தால் அது அநியாயம். அவளுக்குச் சம்பளம் கூடவேண்டும், வேலைநேரம் குறையவேண்டும், அதற்கு உங்களோடு சேர்ந்து நானும் கத்துவேன். ஆனால் அவளும் வந்து இறங்கின பிறகு அரை மணித்தியாலம் இருக்கிறது. அதை போனுக்குக் கொடுப்பதா, மாமிக்குப் பதில் சொல்லக் கொடுப்பதா, பிள்ளைக்கு அருகில் சும்மா படுத்திருக்கக் கொடுப்பதா? அந்த அரை மணித்தியாலம் யாருக்கு என்பதையாவது அவள் தெரிவுசெய்யட்டும் என்கிறேன். குளத்தில் தண்ணி குறைந்த வருசம்தானே கூட்டம் நீளுகிறது?

வன்னித் தாய்க்கு இதெல்லாம் புதுப்பாடமும் இல்லை. 2009 இல் போருக்குள் நாங்கள் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்தபோது என் அம்மாவிடம் ஒரு சைக்கிள்தான் இருந்தது. சீதனமாய் வந்த தையல் மெசின் முற்றத்தில் நின்றது. அவ அதை ஒருக்கால் தடவிவிட்டு, அதற்குக் கட்டி வைத்திருந்த கயிற்றால் அரிசியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்ப் பையையும் கரியரில் கட்டினா. பத்து நிமிசம் இருந்திருக்காது. பிறகு முகாமில் அந்தப் பையைத் தலையணைக்குக் கீழ் வைத்துத்தான் படுத்தா. நான் இன்று பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிற ரீச்சர் என்றால், அந்தப் பையில் இருந்த தாள்களும் ஒரு காரணம். அந்த அம்மாவுக்கு நேரம் இருந்ததா ஐயா?

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒரு நிமிசம் கேட்கமாட்டேன், கேட்டால் எதிரணி பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். ஒரு விண்ணப்பம் மட்டும். யானை எந்த வாங்கில் இருந்தது, ரீச்சர் அதற்கு என்ன கணக்குக் கொடுத்தா என்பதை இன்றிரவு சொல்வதாக அந்த முன்வரிசைக்காரி எனக்கு வாக்குத் தந்திருக்கிறாள். இப்போதே கொட்டாவி விடுகிறாள். தீர்ப்பைக் கொஞ்சம் வேளைக்குச் சொல்லிவிடுங்கோ ஐயா. நன்றி, வணக்கம்.