ஆடிப்பெருக்குக்கு ஓர் அவரை நாற்று

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வள்ளியூருக்கும் பணகுடிக்கும் நடுவே, செம்மண் நிலத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவள் நான். இன்று பந்தல் அவரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் விதையை ஊற வைப்பதிலிருந்து நாற்றைக் குழியில் இறக்குவது வரைக்குமான மூன்று வாரங்களைப் பற்றி மட்டும்.

அவரையை நேரே குழியில் ஊன்றுவதுதானே வழக்கம், நாற்று எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் முதல் காரணம் மயில். முளை தலை தூக்கிய அன்றே கொத்திவிட்டுப் போய்விடும். அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, காலையில் நனைத்த மண்ணை மதியத்துக்குள் காய வைத்துவிடும். பச்சை முளை அதைத் தாங்காது.

காற்று அடங்கிய பிறகு புரட்டாசியில் விதைத்தால் என்ன? செடி அவரை என்றால் விதைக்கலாம், அது எந்தப் பருவத்திலும் காய்க்கும். நாட்டுப் பந்தல் அவரை அப்படி இல்லை. பகல் பொழுது குறையத் தொடங்கினால்தான் அது பூக்கும். ஆடியில் நட்டதும் புரட்டாசியில் நட்டதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூவெடுக்கும். ஆனால் முன்னதற்குப் பந்தல் நிறையக் கொடி இருக்கும், பின்னதற்கு ஒரு முழம்தான் இருக்கும். பொங்கல் குழம்புக்குச் சிறுகிழங்கோடு சேர்க்கச் சொந்த அவரைக்காய் வேண்டுமென்றால் ஆனி கடைசியிலேயே விதை போட்டாக வேண்டும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்றவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள்.

விதையை முதல் நாள் இரவு தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை எடுத்துக்கொண்டு, உப்பாதவற்றின் தோலைச் சொரசொரப்பான ஓட்டில் இலேசாக உரசி, மறுபடி ஊற வையுங்கள். வெள்ளைக் கோடு உள்ள பக்கத்தை உரச வேண்டாம், வேர் அதன் அருகிலிருந்துதான் வரும். ரைசோபியம் கிடைத்தால் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்துத் தருவது இந்த நுண்ணுயிர்தான். அதனால் தொழு உரத்தை அள்ளிக் கொட்டத் தேவையில்லை. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் போதும். உரம் மிஞ்சினால் இலைதான் மிஞ்சும்.

எதில் விதைப்பது என்பதில்தான் நான் முதல் வருஷம் தோற்றேன். பிளாஸ்டிக் பைகளில் முப்பது நாற்று வளர்த்தேன். நடும்போது பையைக் கிழித்தேன், மண் உதிர்ந்தது, வேர் அறுந்தது. இரண்டே நாளில் அத்தனையும் தலை சாய்ந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆனியில் பனையோலையில் கையளவுக் கொட்டான்கள் முடைந்து திண்ணையில் அடுக்கி வைத்திருந்தாள். அவரைக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. கொட்டானோடு நட்டால் தொடவே வேண்டாம், ஓலை மண்ணிலேயே மக்கிவிடும். அந்தக் கொட்டான்களை இன்றுவரை நான் விடவில்லை.

ஒரு கொட்டானுக்கு இரண்டு விதை, ஓர் அங்குல ஆழம். நான்கைந்து நாளில் கழுத்து வளைந்து முளை வரும். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைப் பிடுங்காமல் கத்தரியால் நறுக்குங்கள், இல்லையென்றால் பக்கத்து வேரும் ஆடும். தண்ணீரில் தாராளம் காட்டாதீர்கள், நாற்றழுகல் ஈரத்தில்தான் வரும். மேல்மண் வெளிறிய பிறகு ஊற்றினால் போதும். குருத்தில் அசுவினிப் பூச்சி தெரிந்தால் காலையில் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

திண்ணை நிழலில் வளர்ந்த பிள்ளையை ஒரே நாளில் வெயிலில் நிறுத்தக் கூடாது. முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பழக்குங்கள். காற்றும் அப்படித்தான் பழக வேண்டும்.

ஆடிப்பெருக்கு அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் நடுகிறேன். ஓரடிக் குழி, குழிக்குக் குழி ஆறடி. கொட்டானின் அடியை மட்டும் கத்தியால் கீறிவிட்டு, விளிம்பு மண்ணுக்குள் மறையும்படி இறக்குங்கள். ஓலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அதன் வழியே ஈரத்தை உறிஞ்சிவிடும். மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி, சுற்றிலும் மயிலுக்காக உடைமுள். கொடி சுற்றிக்கொள்ள ஒரு விளார்க் குச்சி. நட்டவுடன் ஒரு செம்புத் தண்ணீர், மூன்றாம் நாள் இன்னொரு செம்பு.

பத்தாம் நாள் வாக்கில் நுனியில் புதுத் துளிர் விரிந்தால் வேர் ஓலையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் பந்தல் கால்களை ஊன்றிவிடுங்கள், கொடி காத்திருக்காது. வணக்கம்.