ஈ மிதக்கட்டும், நரம்பு மூழ்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பேச எவ்வளவோ இருக்கிறது. நான் எடுத்துக்கொள்ளப்போவது தூண்டில் நூலின் கடைசி இரண்டு மூன்று அடியை மட்டும்தான். அந்த இரண்டு மூன்று அடி தண்ணீர்மேல் கிடக்க வேண்டுமா, உள்ளே இறங்க வேண்டுமா? இறங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

டிரவுட் நம் மலைக்கு வெளியிலிருந்து வந்த மீன். 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் நம் ஓடைகளில் நிலைத்தது. மேலே விழுகிற பூச்சியை எழும்பி வந்து தின்கிற மீன் இது. அதனால் இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, அப்போதுதான் தண்ணீரில் விழுந்த ஈ மாதிரி செய்து மிதக்க விடுவார்கள். அதுதான் டிரை ஃப்ளை. வீசுவதற்குக் கனம் தருவது தடிமனான ஒரு நூல். அந்தத் தடி நூலுக்கும் ஈக்கும் நடுவே, நுனி மெலிந்துகொண்டே போகும் நைலான் நரம்பு ஒன்று, ஒன்பது அடி அளவில் இருக்கும். நம் மீனவர்கள் தங்கூஸ் என்கிறார்களே, அதே சரக்குதான். இதற்கு லீடர் என்று பெயர்.

ஈ மிதக்க வேண்டும், அதை ஒட்டிய நரம்பு மூழ்க வேண்டும். இரண்டும் ஒரே முடிச்சில் இருக்கின்றன. சிக்கல் இதில்தான்.

ஏன் மூழ்க வேண்டும் என்கிறேன்? குளத்திலோ ஓடையிலோ தண்ணீர்மேல் நீண்ட காலோடு ஓடும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். வெயில் நேரத்தில் பூச்சியை விட்டுவிட்டு அடித்தரையைப் பாருங்கள். மயிரிழை போன்ற காலுக்கு அங்கே பெரிய கறுப்பு வட்டம் விழுந்திருக்கும். கால் அழுத்தும் இடத்தில் தண்ணீரின் மேல்பரப்பு குழிகிறது. அந்தக் குழி வெயிலை விலக்கிவிடுவதால், காலைவிடப் பல மடங்கு பெரிய நிழல். மிதக்கும் நரம்பும் இதையேதான் செய்கிறது. சுருளிலிருந்து வந்த நைலான் முழுதாக நிமிராது, அங்கங்கே வளைந்து தண்ணீரை அழுத்தும், இழுக்கும். அந்த இடங்களில் எல்லாம் கறுப்பு நிழலும் ஓரத்தில் பளிச்சென்ற கோடும் விழும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நண்பர் ஒருவர் நிழலாவது ஒன்றாவது என்று விடாமல் வாதாடினார். வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை முற்றத்து வெயிலில் வைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு முழம் தங்கூஸை எண்ணெய்க் கையால் உருவி மிதக்க விட்டேன். அடியில் தெரிந்த நிழல் நரம்பைவிட எத்தனையோ மடங்கு தடித்தது. அப்புறம் அதே நரம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் உள்ளே அமுக்கினேன். தடித்த நிழல் போய்விட்டது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அகலமான வட்டு. அதனால் மெல்லிய பொருளின் நிழல் கொஞ்ச ஆழத்திலேயே கலங்கிக் கரைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தடிமன் உள்ள நரம்புக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் ஆழம் போதும், முழு இருட்டு நிழல் அங்கேயே முடிந்துவிடும். நண்பர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. எத்தனை முறை மிதக்கிறது, எத்தனை முறை மூழ்குகிறது என்று சாயங்காலம் வரை தொட்டியை விட்டு நகரவும் இல்லை.

திரும்பவும் சொல்கிறேன். மீனுக்கு ஐயம் தருவது நூலின் தடிமன் அல்ல, நூல் மேல்பரப்பில் செய்யும் வேலை. இன்னும் மெல்லிய நூலுக்குத் தாவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெல்லியது அறுந்துபோகும், மிதந்தால் அப்போதும் நிழல் விழும்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் டிரை ஃப்ளை வளர்ந்தபோது, லீடர் என்பது பட்டுப்புழுவின் குடலிழை. ஸ்பெயினில் முர்சியா வட்டாரத்தில், கூடு கட்டப்போகும் புழுவைக் காடியில் ஊறப்போட்டு, பட்டுச் சுரப்பியை எடுத்து இழுத்து நரம்பாக்குவார்கள். காய்ந்தால் முறிந்துவிடும். அதனால் ஈரத் துணிகளுக்கு நடுவே வைத்து, ஊறிய பிறகுதான் கட்டுவார்கள். ஊறிய இழை தண்ணீரை ஏற்கும், எளிதில் இறங்கும். 1930-களில் டுபாண்ட் கம்பெனியில் நைலான் பிறந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடலிழை மறைந்தது. நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், ஏழில் ஒரு பங்கு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மேல்பரப்பு அதை விடாது.

அந்தப் பிசுக்கு எங்கிருந்து வருகிறது? நம் கையிலிருந்துதான். ஈ மிதப்பதற்காகச் சிலிக்கான் களிம்பு தடவுகிறோம், அதே விரலால் முடிச்சை இறுக்குகிறோம். எனவே களிம்புக்கு ஒரு கை, நரம்புக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பை மூழ்கவைக்கும் பசையைக் கடையில் விற்கிறார்கள். வீட்டிலும் செய்யலாம். முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி, மருந்துக் கடை கிளிசரின், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து சின்ன டப்பாவில் அடைத்துக்கொண்டால் போதும். மண் பிசுக்கை எடுக்கும், சோப்பு நரம்பை நனையவைக்கும், கிளிசரின் பசையைக் காயவிடாது. எல்லாம் மறந்து ஓடைக்குப் போய்விட்டீர்களா? கரையோர வண்டலை விரலில் எடுத்து நரம்பை உருவுங்கள், பாதி வேலை நடக்கும். ஈயின் மேல் மட்டும் பட்டுவிடக் கூடாது, அது மூழ்கிவிடும். தடி நூலை ஒட்டிய பகுதிக்கும் தடவ வேண்டாம், ஈயை அடுத்த இரண்டு மூன்று அடி போதும். காற்றில் வீசி வீசி நரம்பு காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும்.

வீசியதும் நரம்பு மேலேயே நின்றால், ஈ மீனின் பார்வைக்குள் வருமுன் மெல்ல ஒரு இழுப்பு. மீனுக்கு எதிரே வந்த பிறகு இழுத்தால் ஈ நகர்ந்துவிடும். பூச்சி அப்படி நகராது என்று மீனுக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். நைலானுக்குப் பதிலாகக் கட்டும் ஃப்ளூரோகார்பன் நரம்பு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: அது தண்ணீரைவிட ஒன்றேமுக்கால் மடங்கு கனம். ஆனால் பிசுக்குப் பட்டால் அதுவும் மிதக்கும், எனவே பசை அதற்கும் வேண்டும். சின்ன ஈயோடு கட்டினால் ஈயையே கீழே இழுக்கலாம், நுனியில் மட்டும் கட்டுங்கள். நுரைத்து ஓடும் தண்ணீரிலும் மூட்டம் போட்ட நாளிலும் இவ்வளவு பாடு தேவையில்லை. இதெல்லாம் வெயில் நாளில், அசையாத தெளிந்த மடுவுக்கு. நன்றி, வணக்கம்.