தட்டின் மேல் கை: கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்

[திரையில்: சுற்றிக்கொண்டிருக்கும் இசைத்தட்டு. ஒரு விரல் வந்து அதை நிறுத்துகிறது.]

வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தவர்களுக்குத் தெரியும், தட்டின் மேல் கை வைத்தால் திட்டு விழும். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், ரேகை படக்கூடாது, முள்ளைப் பூப்போல இறக்க வேண்டும். ஜோசப் சாட்லர் வீட்டிலும் அதே சட்டம்தான். அப்பாவின் ரெக்கார்டுகளைத் தொட்டதற்கு அடியே வாங்கியிருக்கிறான் பையன். பிற்பாடு தட்டைக் கையால் பிடித்து வாசிப்பதையே ஒரு வித்தை ஆக்கியவன் அவன்தான். ஊர் அறிந்த பெயர், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்.

1958-இல் பார்படோஸ் தீவில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். இது பாதி பாட்டுக் கதை, பாதி ரேடியோ ரிப்பேர் கதை.

[திரையில்: பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ, 1520-ஆம் எண் கட்டடம்.]

1973 ஆகஸ்ட் 11 அன்று இந்தக் கட்டடத்தில் ஒரு பார்ட்டி. தட்டு போட்டவர் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். ஆடுபவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடுவதில்லை, ஓர் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். பாடகர் ஒதுங்கி, டிரம்ஸ் மட்டும் தனியாகப் பேசும் சில நொடிகள். அதற்குப் பெயர் பிரேக். நம் ஊர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் காபிக்கு எழுந்து போகிறோமே, அங்கே தலைகீழ்: அதற்காகத்தான் வந்திருந்தார்கள்! ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் மாற்றி மாற்றிப் போட்டு, ஹெர்க் அந்த பிரேக்கை நீட்டினார்.

ஆனால் முள்ளைக் கண் மதிப்பில் இறக்கினார். தட்டு மாறும்போது தாளம் தட்டுத் தடுமாறும். ஆடுபவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஃபிளாஷுக்குத்தான் உறுத்தியது.

[திரையில்: தட்டின் நடு லேபிளில் கிரேயானால் ஒரு கோடு.]

கணக்கு எளிது. எல்பி ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. பிரேக் 9 நொடி என்றால் சரியாக ஐந்து சுற்று. லேபிளில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒரு தட்டு பாடும்போதே இன்னொன்றை ஐந்து சுற்று பின்னால் இழுத்துவிட்டால், பிரேக்கின் தொடக்கம் முள்ளுக்கு அடியில் வந்து நிற்கும். முள்ளைத் தூக்கவே வேண்டாம்.

சரி, தட்டைப் பின்னால் இழுக்க விட வேண்டுமே? பிளேயரில் இருந்த ரப்பர் விரிப்பு தட்டைக் கவ்விப் பிடித்தது. ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டிப் போட்டார், துணி தொய்ந்தது. வீட்டில் அம்மா துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வது நினைவுக்கு வந்தது. அதே கஞ்சி, அதே இஸ்திரிப் பெட்டி. விறைத்த துணி மேல் தட்டு வழுக்கியது. இன்று கடையில் ஸ்லிப்மேட் என்று விற்கிறார்களே, அதேதான். அப்புறம், அடுத்த தட்டைத் தான் மட்டும் ஹெட்போனில் கேட்டுப் பார்க்க இரண்டு பிளேயரின் ஒலியையும் கலக்கும் மிக்சர் பெட்டியில் ஒரு சுவிட்ச்சைப் பசை போட்டு ஒட்டினார்.

எல்லாம் தயார். முதன்முறை கூட்டத்தின் முன் வாசித்தபோது ஒருவரும் ஆடவில்லை. என்ன செய்கிறான் இவன் என்று நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமும் இதுதான். ஏனென்றால் மீதி எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கூட்டத்தை உசுப்ப ஒருவர் வேண்டும் என்று மைக்கைப் பிறர் கையில் கொடுத்தார். முதலில் கவ்பாய், பிறகு மெல்லி மெல், கிட் கிரியோல் என்று ஐந்து பேர் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் ஃபியூரியஸ் ஃபைவ்.

[திரையில்: மைக் முன்னால், பிளேயர்கள் பின்னால்.]

இப்படித் தாளத்துக்கு ஏற்ப மைக்கில் பேசுவதுதான் ராப். 1979 முதல் அது ரெக்கார்டாக விற்கத் தொடங்கியது. ஷுகர் ஹில் என்ற ரெக்கார்டு நிறுவனத்தில் பிரேக்கை வாசிக்க ஆஸ்தான இசைக்குழுவே இருந்தது. பேசுகிறவர் வேண்டும், தட்டு போடுகிறவர் எதற்கு? 1982-இல் வந்த ‘தி மெசேஜ்’ உலகம் முழுக்கப் போனது. உறையில் பெரிதாக இருப்பது ஃபிளாஷ் பெயர். பாட்டை எழுதிப் பாடியவர்கள் மெல்லி மெல்லும் டியூக் பூட்டியும். டர்ன்டேபிளுக்கு, அதாவது தட்டு சுற்றும் பிளேயருக்கு, அதில் வேலையே இல்லை. அடுத்த ஆண்டே ராயல்டிக்காக நிறுவனத்தின் மேல் வழக்கு, குழு உடைந்தது.

விருதுகள் மெதுவாகத்தான் வந்தன. 2007-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் ஹிப்-ஹாப் (ராப்பும் தட்டு வாசிப்பும் சேர்ந்த இசை) குழு இவர்களுடையது. 2019-இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு, குழுவுக்கு அல்லாமல் ஃபிளாஷுக்குக் கிடைத்தது.

அவர் கை எங்கே கேட்கிறது என்றால், ‘தி மெசேஜ்’ வந்ததற்கு ஓராண்டு முன்னால் போக வேண்டும். 1981, ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’. ஏழு நிமிடம், மூன்று டர்ன்டேபிள். நாடாவை வெட்டி ஒட்டவில்லை, நேரடியாக வாசித்தது, தவறினால் முதலிலிருந்து. பிளாண்டி குழுவின் டெபி ஹாரி, ஃபிளாஷ் வேகமானவன் என்று ஒரு பாட்டில் பாடியிருந்தார். அந்தத் தட்டையும் எடுத்துப் போட்டு, தன்னைப் புகழும் அந்த வரியையே ஃபிளாஷ் முன்னும் பின்னும் இழுக்கிறார்.

[ஒலி மட்டும். திரை இருட்டு.]