நந்தியை நகரச் சொன்ன சிவன், கதவைத் திறக்கச் சொல்லலையே, ஏன்? | நந்தனார் கதை

[காட்சி: திருப்புன்கூர் கோயில். நந்திக்குப் பின்னாலிருந்து கருவறையை நோக்கி கேமரா.]

வணக்கம் மக்களே! சிவன் கோயில்ல நந்தி எங்க இருக்கும்? சாமிக்கு நேரா. ஆனா வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்துல இருக்கிற திருப்புன்கூர்ல பாருங்க, நந்தி கொஞ்சம் விலகி உக்காந்திருக்கும். தீண்டாமையால உள்ள போக முடியாம வாசல்லயே நின்ன சிவனடியார் நந்தனார் சாமியைப் பார்க்கணும்னு, சிவனே அதை ஒதுங்கச் சொன்னாராம்.

இந்த இடம் வந்தா நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குக் கண்ணு கலங்கிடும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி முட்டும். அவ்வளவு பெரிய கல்லு நந்தியையே நகர்த்தினவர், "அந்த ஆளை உள்ள விடுங்கப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

பின்னணி ரெண்டே வரி: சுந்தரர் நந்தனாரைத் திருநாளைப்போவார்னு சொல்லி அடியார் பட்டியல்ல சேர்த்தார். 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் பெரியபுராணத்துல அதை முழுக்கதையா விரிச்சார். போதும், விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: கொள்ளிடக்கரை, வயல்]

சேக்கிழார் ஆதனூர்ச் சேரியைக் காட்டுற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முற்றத்துல கோழிக்குஞ்சுங்க சுத்துது. இரும்புக் காப்பு போட்ட கருத்த பசங்க நாய்க்குட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. குட்டி குரைக்குது. ஆனா பசங்க இடுப்புல கட்டின இரும்பு மணிச் சத்தத்துல அந்தக் குரைப்பு அமுங்கிப்போகுது. சோழ ராஜாவோட மந்திரின்னு சொல்லப்படுறவர் எழுதினது இது! அந்தப் பக்கமே போகாதவருக்கு அந்த மணிச்சத்தம் கேட்டிருக்குமா?

இப்பதான் முக்கியமான சமாச்சாரம். நந்தனார் கோயில்களுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? பேரிகைக்குப் போர்த்தத் தோல். அதை இழுத்துக் கட்ட வார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு. பூஜைக்குக் கோரோசனை, அதாவது மாட்டோட பித்தப்பையில கிடைக்கிற வாசனைப் பொருள்.

கொஞ்சம் யோசிங்க. பேரிகை முழங்குதே, அந்தத் தோல் உள்ள இருக்கு. வீணை வாசிக்கிறாங்களே, அந்த நரம்பு உள்ள இருக்கு. கோரோசனை சாமிகிட்டயே போயிடுச்சு. கொடுத்த மனுஷன் மட்டும் வெளியில! செத்த மாட்டுத் தோலுக்கு இல்லாத தீட்டு, உசுரோட இருக்கிற மனுஷனுக்கு எங்கேர்ந்துய்யா வந்துச்சு? இதைக் கேக்கத் தனியா ஒரு புரட்சிக்காரர் வேணாம். சேக்கிழார் கொடுத்த சாமான் பட்டியலே போதும்.

சரி, நந்தனைச் சிதம்பரம் போகவிடாம மிரட்டுன ஆண்டை, அதான் பண்ணை முதலாளி, எங்கே? அங்கதான் ட்விஸ்ட். பெரியபுராணத்துல அப்படி ஒருத்தரே கிடையாது! 19ஆம் நூற்றாண்டுல, மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்துல இருந்த கோபாலகிருஷ்ண பாரதியார் தன்னோட நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில சேர்த்த ஆள் அவர். 40 வேலி நிலத்தை விளைய வெச்சுட்டுத்தான் போகணும்னு ஆண்டை சொல்ல, சிவன் அருளால ஒரே ராத்திரியில கதிர் முத்தி நிக்குது. 40 வேலின்னா 260 ஏக்கருக்கு மேல மக்களே! நம்ம ஊர்ல மேட்டூர் தண்ணி கடைமடைக்கு வந்து சேரவே எத்தனை நாள் ஆகுது!

மூலக்கதையை விட்டு விலகிட்டார்னு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே, நூலைப் பாராட்டி முன்னாடி போடுற சிறப்புப் பாயிரம் கொடுக்க முதல்ல தயங்கினார். என்னைக் கேட்டா, பாரதியார் புராணத்தை மீறினார், தஞ்சாவூர் ஜில்லாவை மீறல. ஆண்டை உத்தரவு இல்லாம பண்ணையாள் அசைய முடியாதுங்கறதை அவர் கண்ணால பார்த்திருப்பார். இன்னைக்கு ஊர்ஊரா நினைவுல நிக்கிறது அவர் நந்தன்தான்.

அந்தப் பண்ணை வழக்கம் சும்மா ஒழியல. சாணியைக் கரைச்சுக் குடிக்க வைக்கிற சாணிப்பால், சவுக்கடி மாதிரி தண்டனைகளுக்கு எதிரா 1940கள்ல கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க தொழிலாளர்களைத் திரட்டினாங்க. அப்புறமும் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி: கூலி உயர்வு கேட்ட சேரியில 44 பேரை எரிச்சாங்க.

சிதம்பரத்துல நந்தனாரும் தீயில இறங்கித்தான் உள்ள போறார். பூணூல் போட்ட முனிவரா வெளிய வர்றார், அப்பதான் அனுமதி. எனக்கு இது ஒப்பவே இல்ல. சேக்கிழாருக்கு அஞ்சு நூற்றாண்டு முன்னாடியே அப்பர் எப்படிப் பாடினார்? மாட்டை உரிச்சுத் தின்னு திரியுற புலையரா இருந்தாலும் சிவனுக்கு அன்பர்னா, "அவர் கண்டீர் நாம் வணங்கும் கடவுளாரே". தீயும் கேக்கல, பூணூலும் கேக்கல. பழசுலேர்ந்து எடுக்கணும்னா நான் இதைத்தான் எடுப்பேன். சேக்கிழார் ரசிகர்கள் கமெண்ட்ல திட்டலாம், திட்டுங்க, படிக்கிறேன்.

[காட்சி: சிதம்பரம் தெரு]

நந்தன் கதையை இன்னொருத்தர் வேற மாதிரி எடுத்தார். சுவாமி சகஜானந்தர். காவி கட்டின சாமியார். 1916ல சிதம்பரத்துல நந்தனார் பேர்ல கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். கோயில் நுழைவுச் சட்டமெல்லாம் 1939லயும் 1947லயும்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே இவர் வகுப்பறைக் கதவைத் திறந்துட்டார்.

இப்ப உங்க முறை. உங்க வீட்டு ஆத்தாவோ தாத்தாவோ சொன்ன நந்தன் கதையில அந்த ஆண்டை இருந்தாரா, இல்லையா? ஊர்ப் பேரோட கமெண்ட்ல எழுதுங்க. நந்தன் ஒரு ராஜான்னு அயோத்திதாசப் பண்டிதர் எழுதினதைப் பத்தி அடுத்த வீடியோ வருது. சப்ஸ்கிரைப் பண்ணிட்டுப் போங்க!